ஒன்பது ஐம்பதுக்கு இரண்டு வண்டி

வலது கையை நெற்றிக்கு மேல் கூரைபோல் கவிழ்த்துக்கொண்டு, "அனுப்பிரியா வந்துட்டான்" என்கிறார் கொளஞ்சியப்பன். எட்டிப் பார்த்தால் நமக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆட்டோ நிற்கிறது, கொய்யாப்பழ வண்டி நிற்கிறது, சேத்தியாத்தோப்புக்குப் போகிற கரும்பு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பதினைந்து வரை எண்ணினால் அந்த லாரிக்குப் பின்னாலிருந்து பச்சை மூக்கை நீட்டிக்கொண்டு கடலூர் பஸ் அனுப்பிரியா திரும்பும். எப்படி என்று கேட்டால், "மேல கேரியர்ல நீலத் தார்ப்பாய மடிச்சு வச்சிருக்கான் பாரு. அது அந்தோணி வண்டி மட்டுந்தான்" என்பார். தார்ப்பாய் நமக்கு அப்போதும் தெரியாது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் முதலாளிகள் சங்கத்துக்கு அவர்தான் டைம் கீப்பர். வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். கடலூர் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று ரிஜிஸ்டரில் எழுதுவது வேலை. கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஒரு வண்டி ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அடுத்த வண்டிக்கு நிற்கிற ஆளையும் வழித்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் புதுச்சத்திரத்தில் இரண்டு கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து வருடமாக நான் அவருடைய தகரக் கூண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கிறேன். அப்படி ஒரு சட்டை கிழிந்ததில்லை என்றால் அது இந்த மனுஷனால்தான்.

"நிமிசம்னா நிமிசந்தான்யா. அறுவது செகண்டு. அதுல ஒண்ணுகூட ஒங்கப்பன் வூட்டு சொத்து இல்ல." இதை டிரைவர், கண்டக்டர், முதலாளி எல்லாருக்கும் ஒரே குரலில் சொல்வார். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்தில், மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்த ஐயரைப் பார்த்து, "சாமி, முகூர்த்தம் ஏழு இருவத்தஞ்சோட முடியுது. வண்டிய எடுங்க" என்று கத்தியவர். மணமேடையே சிரித்துவிட்டது. ஐயர் எடுத்துவிட்டார்.

ஒல்லி உடம்பு. முழுக்கை வெள்ளைச் சட்டையை முழங்கைவரை மடித்திருப்பார். பையில் இரண்டு பேனா. நேரத்துக்கு வந்த வண்டிக்கு நீலம், தப்பாக வந்த வண்டிக்குச் சிவப்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். வெயில் பட்டால் முள் சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. என் கடைக் கடிகாரத்தைத் தினமும் ஒரு தடவை முறைத்துப் பார்ப்பார். "ஒன் கடிகாரமும் ஒன்ன மாரியே அசமந்தமா இருக்கு மச்சான்" என்பார். நான் அவருக்கு மச்சானும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் எல்லாருக்கும் மாமா, மச்சான்தான்.

இவருக்குச் சர்க்கரை நோய் என்று 2008-ல் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே இலவச முகாம் போட்டிருந்தார்கள். வண்டி வராத நேரமாகப் பார்த்து விரலை நீட்டினார். முந்நூறுக்கு மேல் என்றார்கள். அன்று மாலையிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டார். கரும்பு லாரி போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஸ்வீட் கடை இருக்கிற பக்கம் நடக்க மாட்டார், ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவார். டீயில் சர்க்கரை போடாதே என்று சொன்னதோடு விடவில்லை. கலக்கிய கரண்டியையும் கழுவச் சொல்வார். "அந்தக் கரண்டி ஏற்கெனவே கெட்டுப்போன கரண்டி மச்சான்."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. திட்டக்குடியில் அவருடைய அண்ணனுக்கு இதே சர்க்கரை. கவனிக்காமல் விட்டு, வருடக்கணக்கில் கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். கண்ணால் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பூச்சாண்டி வேண்டுமா?

ஆகவே மருந்தில் படு கறார். டாக்டர், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்லியிருந்தார். இவர் காலை ஆறரைக்கு டாண் என்று போட்டுவிடுவார். ஒரு நாளும் ஆறு முப்பத்தொன்று ஆனதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் கிடையாது. ஏழரையிலிருந்து பத்தரைவரை வண்டி மேல் வண்டி வருகிற நேரம். பள்ளிக்கூடம், காலேஜ், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று கூட்டம் நெரியும். அந்தக் கூட்டம் வடிந்த பிறகு பதினொரு மணிக்குத்தான் டிபன் டப்பாவைத் திறப்பார். வீட்டில் மனைவி அமிர்தம் அக்கா ஆறு இட்லி வைத்து அனுப்பினால் மூன்றைத் திருப்பி அனுப்புவார். இரவில் ஒன்றரைச் சப்பாத்தி. அந்த அரைச் சப்பாத்தியின் மீதி அரையை யார் தின்பது என்று வீட்டில் தினம் சண்டை.

முதலில் கவனித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பக்கத்துக் கடைக்காரன் கவனிக்காமல் யார் கவனிப்பது? ஒன்பதரை தாண்டினால் நெற்றிக்குக் கை போகாது. வண்டி கண்ணில் படும் முன்னே பேர் சொல்கிற ஆள், வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். ஹாரன் கேட்டதும், "ஆங், செம்பியன், செம்பியன்" என்று வண்டிப் பேரை அவசரமாக எழுதுவார். கண்ணால் பிழைத்தவர் காதால் பிழைக்க ஆரம்பித்திருந்தார். பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, கால் மணி நேரம் போனால் பழையபடி கரும்பு லாரிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "காலைல மட்டும் மழைல நனைஞ்ச கண்ணாடி வழியா பாக்கற மாரி இருக்கு மச்சான். போர்டுல எழுத்து நெளியுது. எங்க அண்ணனுக்கு வந்தது வந்துட்டுது. எவன்கிட்டயும் மூச்சு வுடாத."

மேல வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கத்திடம் போனார். வேலையை விட்டு வர முடிவது மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் வயிறு நிறைந்திருக்கும், கண்ணும் பளிச்சென்று இருக்கும். ராஜமாணிக்கம் எழுத்து அட்டையைக் காட்டினால், இவர் கடைசி வரியையும் படித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பேரையும் படித்துவிட்டு வந்தார். "அண்ணே, ஒங்களுக்குக் கண்ணாடி எதுக்கு? எனக்குத்தான் அந்தப் பேரு தெரியல" என்றாராம் ராஜமாணிக்கம். இவர் விடவில்லை. படிக்க ஒரு கண்ணாடி வாங்கினார். காலையில் போட்டுப் பார்த்தால் அதே நெளிசல். திரும்பப் போய்ச் சண்டை போட்டு இரண்டாவது வாங்கினார். அதுவும் சரியில்லை. "அந்தாளு கடைக்குள்ள போனா என் கண்ணு நல்லாயிடுது, வெளிய வந்தா கெட்டுப்போவுது. ஏதோ மந்திரம் வச்சிருக்கான்" என்று ராஜமாணிக்கத்தின் மேல் பழியைப் போட்டார். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் அண்ணனுக்குச் சொன்னதையே சொல்வார்கள் என்ற பயம்.

2009 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. ஒன்பது ஐம்பதுக்கு அனுப்பிரியா கரெக்டாக உள்ளே வந்து நின்றது. கொளஞ்சியப்பன் கூண்டிலிருந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு வெயில்கூட இல்லை. வண்டியைப் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், மறுபடி பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவன் நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"யோவ் செம்பியன்! ஒன் டைம் பத்து மணி! அனுப்பிரியாவோட ஒட்டிகிட்டு உள்ள வர்றியே, ஒனக்கு எவ்ளோ திமிரு! எடு பின்னால!"

அவர் கத்திய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அனுப்பிரியா டிரைவர் அந்தோணிசாமி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "மாமா, யாரப் பேசுறீங்க?"

"நீ சும்மா இருய்யா. ஒன் பக்கத்துல நிறுத்தியிருக்கான்ல, அவனத்தான்."

"என் பக்கத்துல யாரும் இல்ல மாமா."

"அவனுக்கு நீ சப்போர்ட்டா?" என்று கேட்டுவிட்டு, தன் கண்ணுக்குத் தெரிந்த அந்த வண்டியின் பக்கவாட்டில் அடித்து நகர்த்துவதற்காகக் கையை ஓங்கி வீசினார். கை காற்றில் போனது. ஆளும் அதோடு போக இருந்தார், அந்தோணிசாமி இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். அப்போதும் விடவில்லை. கூண்டுக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து, 'செம்பியன் 9.50, பத்து நிமிடம் முன்' என்று கோணல்மாணலாக எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கூட்டம் சிரித்தது. "காலங்காத்தால ஏத்திட்டாரு போல" என்றான் ஒருவன். நான் பார்த்த பத்து வருடத்தில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். எனக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தார். செம்பியன் அவருடைய வண்டி.

"என் வண்டி இப்பதான் முட்லூர் தாண்டுதுன்னு போன் வருது. நீ இங்க அதைத் திட்டிகிட்டு இருக்க. ரெட்ல வேற எழுதியிருக்க! ரிஜிஸ்டரக் குடு கொளஞ்சி. கண்ணு போன ஆள வச்சிகிட்டு நான் டைம் பாக்க முடியாது."

கண்ணு போன ஆள். அந்தச் சொல் வந்ததும் அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கடலூரிலிருந்து தினமும் அனுப்பிரியாவில் வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் ஸ்ரீமதி அப்போதுதான் படியிலிருந்து இறங்கியது. நேராக வந்து அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. "கை ஜில்லுன்னு இருக்கு. ஒங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கும்மா."

"மாத்திரை போட்டீங்களா?"

"ஆறு முப்பதுக்கு. டாண்ணு." அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை.

"சாப்டீங்களா?"

"பதினொண்ணுக்கு."

"பதினொண்ணா!" அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. "அண்ணே, ஒரு டம்ளர் டீயில நாலு ஸ்பூன் சக்கரை போடுங்க. சீக்கிரம்."

நான் நாலு என்றால் ஐந்து போடுகிற ஆள். கொண்டுபோய் நீட்டினேன். மனுஷன் பின்னால் நகர்ந்தார். "என்னாம்மா, வெசத்தக் குடுக்கற! ஒன்ற வருசமா நாக்குல படல. எங்க அண்ணன் மாரி ஆவறதுக்கா?"

"இப்ப ஒங்களுக்கு சக்கரை ஜாஸ்தி இல்ல, கம்மி. கம்மியானாலும் கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், மங்கும். குடிங்க மொதல்ல, சண்டை அப்பறம் போடலாம்."

அவர் அசையவில்லை. அந்தோணிசாமிதான் வழி கண்டுபிடித்தார். "மாமா, நீங்க குடிக்கலன்னா ரெண்டு வண்டியையும் எடுக்க மாட்டேன். பத்து அஞ்சு ஆனாலும் ரெண்டும் இங்கதான் நிக்கும்."

வண்டி லேட் ஆகும் என்றதும் டம்ளரைப் பிடுங்கிக் குடித்தார். முகத்தை அப்படிக் கோணிக்கொண்டு யாரும் என் டீயைக் குடித்ததில்லை. ஸ்ரீமதி இரண்டு பிஸ்கட்டும் தின்ன வைத்தது. பெஞ்சில் உட்கார்த்தினோம். ஐந்து நிமிடம் போனது, எட்டு நிமிடம் போனது. வியர்வை அடங்கியது. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அனுப்பிரியாவைப் பார்த்தார்.

"அந்தோணி, ஒன் வண்டில போர்டு எத்தினி?"

"ஒண்ணுதான் மாமா."

"எனக்கும் ஒண்ணுதான் தெரியுது."

அவர் செய்த அடுத்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்தார். எழுதியதை அடிக்கக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஆகவே அடிக்காமல், அதற்கு நேராக நீலத்தில் எழுதினார்: 'மேற்படி செம்பியன் வரவில்லை. வந்தது எனக்கு மயக்கம்.' கீழே கையெழுத்துப் போட்டு, நேரம் 10.06 என்று எழுதி, அவரே தட்சிணாமூர்த்தி கையில் கொடுத்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். டீ, பிஸ்கட் எல்லாம் போன பிறகும் எண்பதுதான் இருந்தது. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். டாக்டர் சொன்னதை எங்களுக்கெல்லாம் கொளஞ்சியப்பனே வகுப்பெடுத்தார்: "மாத்திரை என்னா பண்ணுது, ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள எறக்கிகிட்டே போவுது. ஏறறதுக்கு ஒருத்தன் வேணும்ல? நான் சோறு போடல. பத்து மணிக்கு வண்டி காலி. மூளைக்கும் தீனி இல்ல, கண்ணுக்கும் தீனி இல்ல. அதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது, எதுக்கெடுத்தாலும் கோவம் வருது. தின்னா சரியாயிடும். எங்க அண்ணனுக்கு வந்தது வேற. அது சக்கரை ஏறி வருசக்கணக்குல வந்தது."

ஆனாலும் அண்ணனுக்கு வந்தது இவருக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட டாக்டர் கடலூருக்குக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். துணைக்கு நான் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரியவைத்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. கண்ணின் உள்ளே சுத்தமாக இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். மனுஷன் அந்தப் பெண் டாக்டரைக் கும்பிடுவதாக நினைத்துப் பக்கத்தில் இருந்த பீரோவைக் கும்பிட்டார்.

திரும்பி வருகையில் சொட்டு மருந்தின் கூச்சம் போகவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிரியாவில் முன் சீட்டில் உட்கார்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியதும், "ஆலப்பாக்கம். ஒரு நிமிசம் லேட்டு அந்தோணி" என்றார். புதுச்சத்திரத்திலும் சொன்னார், முட்லூரிலும் சொன்னார். "மாமா, கண்ணே வேணாம் போலருக்கே ஒங்களுக்கு" என்றார் அந்தோணிசாமி. "வேணும்யா" என்றார் இவர்.

ஆஸ்பத்திரி, கண் பரிசோதனை என்று அவர் அலைந்த நாலு நாளும் கூண்டு காலியாக இருந்தது. வண்டிக்காரர்கள் அவரவர் நேரத்தை அவரவரே எழுதிக்கொண்டார்கள். ரிஜிஸ்டரைப் பார்த்தால் எல்லா வண்டியும் எல்லா நாளும் நேரத்துக்கு வந்திருந்தது. முட்லூரில் இரண்டு சட்டை கிழிந்ததும் அதே நாலு நாளில்தான். டாக்டர் சீட்டைத் தட்சிணாமூர்த்தி இரண்டு தடவை படித்தார். "சரி. ஒரு வாரம் வந்து பாரு. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு வந்தாலும் வேற ஆளப் போட்டுருவேன். பின்னால என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார்.

மாத்திரை இப்போது எட்டு மணிக்கு. சாப்பாடு எட்டரைக்கு. இதை அமிர்தம் அக்கா காலண்டரில் எழுதி மாட்டியது, ஸ்ரீமதி போகிற போக்கில் தினமும் மிரட்டியது. ஆனால் இந்த ஆள் எங்கே எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? ரிஜிஸ்டரில். எட்டு இருபத்தைந்துக்கு வருகிற வண்டிக்கும் எட்டு நாற்பது வண்டிக்கும் நடுவில் புதிதாக ஒரு வரி: 'கொளஞ்சி: உள்ளே 8.30, வெளியே 8.38.' முதல் நாள் 8.32 ஆகிவிட்டது. தனக்குத்தானே சிவப்பில் எழுதிக்கொண்டார். சட்டைப் பையில் பேனாக்களோடு நாலு ஆரஞ்சு மிட்டாய் சேர்ந்துகொண்டது. "இது என்னா மாமா, சின்னப்புள்ள மாரி?" என்று ஒரு கண்டக்டர் கேட்டதற்கு, "ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுப்பியா நீ?" என்றார்.

ஒரு வாரம் முடிந்தது. நெற்றிக்குக் கை தினமும் போனது. ஒன்பது ஐம்பதுக்கு எத்தனை வண்டி வந்ததோ அத்தனை வண்டிதான் தெரிந்தது. எட்டாம் நாள் காலையில் தட்சிணாமூர்த்தி வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராகக் கூண்டுக்குப் போனார். வேலை போகிறதா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பாய்லரை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். எட்டு இருபத்தைந்து வண்டியின் டிரைவரும் வண்டியை ஆஃப் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொளஞ்சி, ஒன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்" என்றார் தட்சிணாமூர்த்தி.

மணி எட்டு முப்பத்து நாலு. கொளஞ்சியப்பன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் புரட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. டைம் வராமல் உள்ளே நுழைகிற வண்டியை வாசலிலேயே நிறுத்துவதுபோல, இடது உள்ளங்கையை விரித்து முதலாளியின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.